வீட்டில் வாத்து சுட ஆசையா? துப்பாக்கிக்கு முன்னால் டிவியைப் பாருங்கள்

துப்பாக்கியை முதலில் வாங்கியதுதான் நான் செய்த தப்பு.

மே விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். நாங்கள் சின்ன வயதில் விளையாடிய 'டக் ஹன்ட்' பற்றி வாய் சும்மா இல்லாமல் அவனிடம் அளந்துவிட்டேன். புல்லுக்குள்ளிருந்து வாத்து கிளம்பும், கையில் இருக்கும் துப்பாக்கியால் டிவியைப் பார்த்துச் சுட வேண்டும், தப்பவிட்டால் ஒரு நாய் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். 'வாங்கிக் காட்டு மாமா' என்றான். ஆன்லைனில் துப்பாக்கியோடு வரும் வீடியோ கேம் செட் ஒன்றை ஆர்டர் போட்டு, ஹாலில் இருந்த 43 அங்குல எல்ஈடி டிவியில் மாட்டினேன். படம் வந்தது, வாத்து பறந்தது. அறுபது முறை சுட்டும் ஒன்றுகூட விழவில்லை. நாய் மட்டும் சளைக்காமல் சிரித்தது.

'மாமா, இது டம்மி துப்பாக்கி.'

துப்பாக்கிதான் மட்டம் என்று நானும் நம்பினேன். சென்னை ரிச்சி தெருவில் இன்னொன்று வாங்கினேன். அதுவும் சுடவில்லை. ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன். கடைசியில், இந்த கேமை உருவாக்கிய நின்டென்டோவின் அசல் துப்பாக்கியையே வெளிநாட்டிலிருந்து வரி கட்டி வரவழைத்தேன். அது என் வீடியோ கேம் பெட்டியின் ஓட்டைக்குள் நுழையவே இல்லை. இரண்டு மாதம் கழித்து, எங்கள் தெருமுனை டிவி மெக்கானிக் ஒரே வரியில் விஷயத்தை முடித்தார்: 'துப்பாக்கியெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. டிவிதான் தப்பு.'

நீங்கள் அந்த இரண்டு மாதத்தையும் அந்தப் பணத்தையும் மிச்சம் பிடிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. எந்த வழி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வழிகள் இரண்டு. ஒன்று, பழைய டியூப் டிவி, பழைய மாதிரி வீடியோ கேம், அதன் துப்பாக்கி. இன்னொன்று, இப்போது வீட்டில் இருக்கும் எல்ஈடி டிவி, ஒரு கம்ப்யூட்டர், அகச்சிவப்புக் கதிரைப் பார்த்துக் குறிபிடிக்கும் புதிய வகைக் கருவி. முதல் வழி மலிவு, ஆனால் இடத்தை அடைக்கும். இரண்டாவது இடம் கேட்காது. பணமும் பொறுமையும் கேட்கும்.

இரண்டையும் கலக்க மட்டும் கூடாது. பழைய துப்பாக்கி புதிய டிவியில் வேலை செய்யாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். கடையிலும் ஏமாற மாட்டீர்கள்.

துப்பாக்கியிலிருந்து டிவிக்கு எதுவும் போவதில்லை. டிவியிலிருந்துதான் துப்பாக்கிக்கு வெளிச்சம் வருகிறது. குழலுக்குள் ஒரு சின்ன ஒளி உணரி இருக்கிறது. விசையை அழுத்தியதும் கேம் முதலில் திரை முழுவதையும் ஒரு ஃபிரேம் கறுப்பாக்குகிறது. அடுத்த ஃபிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் போடுகிறது. இரண்டு வாத்து என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபிரேமில் கட்டம் வரும். 'இப்போது இருட்டா? இப்போது வெளிச்சமா?' என்று அந்தந்த ஃபிரேமிலேயே துப்பாக்கியைக் கேட்கிறது. எந்த ஃபிரேமில் வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்து விழுகிறது. ஒரு ஃபிரேம் என்பது நொடியில் ஐம்பதில் அல்லது அறுபதில் ஒரு பங்கு. டியூப் டிவியில் சிக்னல் போன அந்தக் கணமே படமாகிவிடும். எல்ஈடி டிவியோ வந்த சிக்னலை உள்வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். அதற்குள் கேள்வி கேட்கும் நேரம் போய்விட்டது. வெள்ளைக் கட்டம் வருகிறது, ஆனால் பந்தி முடிந்த பிறகு வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. டியூப் டிவி ஒரு நொடியில் பதினைந்தாயிரத்துச் சொச்சம் கோடுகளை வரைகிறது. அந்த வேகத்தில் துடிக்கும் வெளிச்சத்தை மட்டும் நம்பும்படி அசல் துப்பாக்கியின் சர்க்யூட்டை அமைத்திருக்கிறார்கள். எல்ஈடி வெளிச்சம் அப்படித் துடிப்பதில்லை.

அதனால்தான் 'ஏவியை ஹெச்டிஎம்ஐ ஆக்கும் டப்பா ஒன்று போதும்' என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். படம் வரும். வாத்து விழாது. டிவியில் 'கேம் மோட்' போட்டாலும் அதே கதைதான்.

2. டியூப் டிவியைத் தேடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் பரணைப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பரண், மாமனார் வீட்டுப் பரண், ஊரில் பெரியப்பா வீட்டுப் பரண். தமிழ்நாட்டில் 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கொடுத்த 14 அங்குல டிவி இன்னும் எத்தனையோ வீடுகளில் துணி போர்த்திக் கிடக்கிறது. வாத்து சுட 14 அங்குலம் தாராளம். இரவலாகக் கேட்டாலே கொடுப்பார்கள்.

அது இல்லையென்றால் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுங்கள். 'பழைய டியூப் டிவி, ஓடும் நிலையில், வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்று எழுதினால் போதும். தூக்கிக்கொண்டு போனால் சரி என்றுதான் பலர் இருக்கிறார்கள். அதற்கடுத்து டிவி மெக்கானிக். சரிபார்க்கக் கொடுத்துவிட்டு ஆள் திரும்பி வராத செட்டுகள் அவரிடம் இருக்கும். நான் 21 அங்குல டிவி வாங்கியது அப்படித்தான், 700 ரூபாய்க்கு. காயலான் கடையைக் கடைசியாக வையுங்கள். அங்கே வரும் டிவி வெயிலிலும் மழையிலும் கிடந்திருக்கும், ஓட்டிப் பார்க்கவும் வசதி இருக்காது.

வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

பின்பக்கமோ முன்பக்கமோ மஞ்சள் நிற ஏவி ஓட்டை இருக்க வேண்டும். வெறும் ஆன்டெனா ஓட்டை மட்டும் இருந்தாலும் ஓட்டலாம், ஆனால் படம் புள்ளி புள்ளியாக இருக்கும், டியூன் செய்து மாளாது.

'100 ஹெர்ட்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வேண்டாம். அந்தக் காலத்தில் அதுதான் விலை கூடிய செட், விற்பவரும் அதைப் பெருமையாகச் சொல்வார். நமக்கு அது ஆகாது. பார்க்க டியூப் டிவியாக இருந்தாலும், உள்ளே படத்தைப் பிடித்துவைத்து இரட்டிப்பாக்கிக் காட்டும் வகை. எல்ஈடி டிவியில் பட்ட அதே பாட்டைத்தான் அதிலும் படுவீர்கள்.

இருபது நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். போட்டவுடன் பளிச்சென்று இருந்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் மங்கினால் பிக்சர் டியூபோ போர்டோ தளர்ந்துவிட்டது. மங்கலான டியூபில் வெள்ளைக் கட்டம் சாம்பல் நிறமாகத் தெரியும், துப்பாக்கி அதை வெளிச்சம் என்று ஒப்புக்கொள்ளாது. மூலையில் பச்சை, ஊதாத் திட்டுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்திருந்த காந்தக் கோளாறாக இருக்கும், மெக்கானிக் சரிசெய்துவிடுவார்.

ரிமோட்டையும் கேட்டு வாங்குங்கள். சில செட்டுகளில் ரிமோட் இல்லாமல் ஏவிக்கு மாறவே முடியாது.

ஒரு எச்சரிக்கை. பின்மூடியை நீங்களே கழற்றாதீர்கள். டியூபுக்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கலாம். யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை இது.

3. வீட்டுக்குக் கொண்டுவருவது

21 அங்குல டிவி 20 கிலோவுக்கு மேல் இருக்கும். 29 அங்குலம் 40 கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் இல்லாமல் தொடாதீர்கள். எடை முழுக்க முன்பக்கக் கண்ணாடியில்தான். அதனால் தூக்கும்போது திரை உங்கள் நெஞ்சைப் பார்த்து இருக்க வேண்டும். நான் முதலில் மாற்றித் தூக்கினேன். படியில் டிவி முன்னால் சாய, நானும் அதன் பின்னாலேயே சாய்ந்தேன்; கைப்பிடிச் சுவர் காப்பாற்றியது.

ஆட்டோவில் கொண்டுவரலாம் என்று நினைத்தேன். 21 அங்குலம் ஏறுகிறது, ஆனால் நமக்கு இடம் இல்லை. குட்டி யானை பிடித்து, பழைய மெத்தையில் திரை கீழே படும்படி கவிழ்த்துப் படுக்க வைத்தோம். 500 ரூபாய்.

அடுக்குமாடியிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் கொடுப்பவரிடம் கேட் பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள். காவலாளி விடமாட்டார், சங்கத் தலைவர் போனை எடுக்க மாட்டார், டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். 'இன்ன டிவியை இன்னாருக்குக் கொடுத்தேன்' என்று தேதி போட்டு ஒரு துண்டுச் சீட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது.

4. வீடியோ கேமும் துப்பாக்கியும்: பின்னை எண்ணுங்கள்

இங்கேதான் என் 5,200 ரூபாய் போனது.

நின்டென்டோவின் அசல் பெட்டி அமெரிக்காவில் 1985-இல் வந்தது. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு வந்தது அதன் ஜப்பானிய அண்ணனைப் பார்த்து அடித்த நகல்கள். மஞ்சள் கேசட் போடும் அந்தப் பெட்டிதான். இப்போது ஆன்லைனில் கிடைப்பதும் அதே வம்சம். இவற்றின் பிளக்குகள் ஒன்றுக்கொன்று சேராது:

அசல் அமெரிக்க, ஐரோப்பியப் பெட்டிக்கு 7 பின். நகல் பெட்டிகளில் அநேகமாக 9 பின். ஜப்பானியப் பெட்டிக்கும் சில நகல்களுக்கும் துப்பாக்கி போட 15 பின் ஓட்டை தனியாக இருக்கும்.

நான் வரவழைத்த அசல் துப்பாக்கி 7 பின். என் பெட்டியில் 9 பின். அவ்வளவுதான் கதை. ஆகவே துப்பாக்கியைத் தனியாக வாங்காதீர்கள்; பெட்டியோடு சேர்ந்து வருவதை வாங்குங்கள். தனியாக வாங்கியே ஆக வேண்டும் என்றால் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 9 பின்னுக்கு 9 பின் பொருந்தினாலும் உள்ளே வயர் மாறி இருக்கலாம், கடையிலேயே போட்டுப் பாருங்கள். டியூப் டிவி இருக்கும் கடை கிடைப்பது கஷ்டம். அதற்கு ஒரு வழியை 6-ஆம் படியில் சொல்கிறேன்.

செட் வாங்கும்போது பெட்டியின் பின்னால் மஞ்சள், வெள்ளை ஏவி ஓட்டைகள் இருக்கின்றனவா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ மட்டும் உள்ள புது மாடலை வாங்கிவிட்டு, அதை ஏவி ஆக்க ஒரு டப்பா போட்டால், அந்த டப்பாவே தாமதத்தைக் கூட்டிவிடும். டியூப் டிவி வைத்தும் பிரயோஜனம் இல்லாமல் போகும். நின்டென்டோவே 2016-இல் வெளியிட்ட குட்டிப் பெட்டியில் டக் ஹன்ட் கிடையாது, துப்பாக்கி ஓட்டையும் கிடையாது. பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் அசல் பெட்டியே கொண்டுவந்து தருகிறார் என்றால், அதன் அடாப்டரை நம் பிளக்கில் செருகாதீர்கள். அது 120 வோல்ட்டுக்கானது, 230-இல் கருகிவிடும். கூடவே உங்கள் டிவி என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) சிக்னலை ஏற்குமா என்றும் பாருங்கள். ஏற்காவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகி மேலே உருண்டுகொண்டே இருக்கும். பிற்காலத்து டியூப் டிவிகள் பெரும்பாலும் ஏற்கும்.

5. மாட்டுவது

மஞ்சளை மஞ்சளில், வெள்ளையை வெள்ளையில் செருகுங்கள். துப்பாக்கி இரண்டாவது ஓட்டையில், பட்டன் (கையில் பிடித்து அழுத்தும் கன்ட்ரோலர்) முதல் ஓட்டையில். மாற்றிச் செருகினால் மெனுவே நகராது. கேசட்டை ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதித்தான் வளர்ந்தோம். எச்சில் ஈரம் பட்டு அந்தச் செம்பு விரல்கள் கறுத்துப்போவதுதான் மிச்சம். காது குடையும் பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும்.

ஆன்டெனா ஓட்டை வழியாக மாட்டியவர்களுக்கு ஒரு குறிப்பு. படம் வந்து, சத்தத்துக்குப் பதில் வெறும் இரைச்சல் வந்தால் பெட்டி கெட்டுப்போகவில்லை. சீனத்து பெட்டியின் ஒலி அலைவரிசையும் நம் ஊர் டிவியின் அலைவரிசையும் வேறு. டிவி மெனுவில் சவுண்ட் சிஸ்டம் பி/ஜி என்று இருப்பதை டி/கே என்று மாற்றுங்கள், நாய் குரைக்கும்.

டிவியில் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் நன்றாக ஏற்றி வையுங்கள். சுமார் ஆறு அடி தள்ளி நில்லுங்கள். எதிர் ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுப் பளபளத்தால் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

6. முதல் குண்டு: எது கோளாறு என்று கண்டுபிடிப்பது

மெனுவில் கேம் ஏ என்றால் ஒரு வாத்து, பி என்றால் இரண்டு, சி என்றால் பறக்கும் களிமண் தட்டு. ஏ-யில் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு மூன்று குண்டு, ஒரு சுற்றுக்குப் பத்து வாத்து.

சுட்டதும் திரையை மட்டும் பாருங்கள், வாத்தைப் பார்க்காதீர்கள். விசையை இழுத்த கணம் திரை வெட்டி மின்ன வேண்டும்.

மின்னவே இல்லை என்றால் விசை வேலை செய்யவில்லை, அல்லது பிளக் சரியாக உட்காரவில்லை, அல்லது பின் மாறியிருக்கிறது. கடலோர ஊர்களில் விசையின் உள்ளே இருக்கும் தகடு துரு பிடித்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு இருபது முறை அழுத்துங்கள்.

மின்னுகிறது, ஆனால் வாத்து விழவில்லை என்றால் விசையும் வயரும் நன்றாக இருக்கின்றன. உணரியோ டிவியோதான் கோளாறு. திரைக்கு அரை அடி தூரத்தில் வைத்துச் சுடுங்கள். விழுந்தால் பிரைட்னஸ் போதவில்லை, அல்லது குழலின் முன் உள்ள சின்னக் கண்ணாடியில் தூசி. அப்போதும் விழவில்லை என்றால் டிவியை மாற்றிப் பாருங்கள், அதற்கப்புறம்தான் துப்பாக்கி.

கடையில் எல்ஈடி டிவி மட்டும் இருந்தால்கூட இந்த மின்னலை வைத்துப் பாதிச் சோதனை செய்துவிடலாம். திரை மின்னினால் பின்னும் விசையும் சரி. உணரி சரியா என்பது வீட்டில்தான் தெரியும், அதனால் திருப்பிக் கொடுக்கும் நாள் எத்தனை என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

நேரம் இருந்தால் போனில் ஸ்லோ மோஷன் போட்டு திரையைப் படம் பிடியுங்கள். கறுப்பு, அதன்பின் ஒரு வெள்ளைச் சதுரம், மறுபடி வானம். அக்கா மகன் இந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தான் என்று கணக்கில்லை. விளையாடியதைவிட அதிகம்.

7. டியூப் டிவிக்கு இடமில்லை என்பவர்களுக்கு

ஒரு பைசா செலவு செய்யும் முன் மவுஸில் விளையாடிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் மெசென் போன்ற எமுலேட்டரில் (பழைய கேம் பெட்டி போலவே நடிக்கும் மென்பொருள்) இரண்டாவது போர்ட்டுக்கு 'ஜாப்பர்' (அந்த அசல் துப்பாக்கியின் பெயர்) என்று தேர்வு செய்தால் மவுஸ் குறிதான் துப்பாக்கி முனை. அங்கே வெளிச்சத்தை யாரும் பார்ப்பதில்லை. குறி நிற்கும் இடத்தில் படம் வெள்ளையா என்று மென்பொருளே பார்த்துக்கொள்கிறது, அதனால் எந்த டிவியானாலும் சரி. பிரவுசிங் சென்டர் காலத்தில் 'விர்ச்சுவா காப் 2'-ஐ மவுஸால் சுட்டுத் தள்ளிய தலைமுறைக்கு இதுவே போதும் என்றுகூடத் தோன்றலாம். எமுலேட்டர் இலவசம், அதில் தப்பில்லை. கேம் ஃபைலுக்குக் காப்புரிமை உண்டு. சொந்தக் கேசட்டிலிருந்து எடுத்துக்கொள்வதே முறை.

மவுஸ் போதவில்லை, கையில் பிடித்துக் குறிபார்க்க வேண்டும் என்றால் எளிதான வழி நின்டென்டோவின் 'வீ' (Wii) கேம் பெட்டிக்கான ரிமோட்டும் மேஃபிளாஷ் டால்பின்பார் என்ற அகச்சிவப்புப் பட்டையும். பட்டையை டிவிக்குக் கீழே நடுவில் வைத்து யூஎஸ்பியில் செருகி, அதிலுள்ள பொத்தானால் மோட் 2-க்கு மாற்றினால் ரிமோட் மவுஸாகிவிடும். ரிமோட் அசல் நின்டென்டோவாக இருக்கட்டும். போலி ரிமோட்டுகள் இணைவதற்கே முரண்டு பிடிக்கும். பட்டை உயிரோடு இருக்கிறதா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. போனின் செல்ஃபி கேமராவில் பாருங்கள், இரு முனையிலும் ஊதா நிறப் பொட்டுகள் தெரிய வேண்டும்.

ரிமோட் பார்ப்பது அந்த இரண்டு பொட்டுகளைத்தான். சூடாக ஒளிரும் எதுவும் அதன் கண்ணுக்குப் பொட்டுதான். எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஆறரைக்குக் குறி தாறுமாறாகத் துள்ளும். மூன்று நாள் டிரைவரை அழித்து அழித்துப் போட்டேன். நாலாம் நாள்தான் கவனித்தேன்: டிவிக்குப் பக்கத்து மாடத்தில் அம்மா விளக்கேற்றும் நேரம் அது. (இதையே திருப்பிப் போட்டு, சென்சார் பட்டை உடைந்துபோனால் இரண்டு அகலை இடைவெளி விட்டு ஏற்றி வைத்தும் விளையாடலாம். அம்மா சம்மதித்தால்.)

இதைவிடத் துல்லியம் வேண்டும், உண்மையிலேயே துப்பாக்கியின் முனையில் கண் வைத்துக் குறிபார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மூன்று பெயர்கள்: கன்ஃபோர்ஐஆர், ஓப்பன்ஃபயர், சின்டன். முதல் இரண்டும் திரையைச் சுற்றி நான்கு அகச்சிவப்பு விளக்குகளை வைத்து வேலை செய்பவை. சால்டரிங் தெரிந்தால் நீங்களே செய்யலாம். சின்டனில் கேமரா இருக்கிறது, படத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கரை போட்டு அதை வைத்து இடம் கண்டுபிடிக்கும். அறையில் கரையைவிடப் பளிச்சென்ற ஜன்னல் இருந்தால் தடுமாறும்.

நின்டென்டோ வீ யூ பெட்டிக்கு டக் ஹன்ட் தரவிறக்கமாக வந்தது உண்மை. ஆனால் அந்தக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். யாராவது 'வீ யூ வாங்கினால் போதும்' என்று சொன்னால், அதில் கேம் ஏற்கெனவே ஏற்றியிருக்கிறதா என்று கேளுங்கள்.

8. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்: காகிதம், வரி, காத்திருப்பு

என் பார்சல் ஐந்து வாரம் எடுத்தது. அதில் மூன்று வாரம் அது சென்னையிலேயே இருந்தது.

பெட்டியின் மேல் அனுப்பியவர் 'டாய் கன்' என்று எழுதிவிட்டார். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரச்சான்று கட்டாயம். துப்பாக்கி என்ற சொல் வேறு. இரண்டும் சேர்ந்து ஒட்டியிருந்தால் யார்தான் நிறுத்த மாட்டார்கள்? அது பொம்மையே இல்லை, வீடியோ கேம் கருவி. சுங்கப் பட்டியலில் 9504 என்ற தலைப்பில் வருவது. ஆகவே ஆர்டர் போடும்போதே விற்பவருக்கு எழுதுங்கள்: பில்லிலும் பெட்டியிலும் வீடியோ கேம் கன்ட்ரோலர் என்று இருக்கட்டும், மாடல் பெயரும் இருக்கட்டும், உண்மையான விலையும் இருக்கட்டும். விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் கேட்பார்கள், அங்கே மாட்டுவீர்கள்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆதார் அல்லது பான், பில், பணம் கட்டியதற்கு அத்தாட்சி, பொருளின் படமும் விளக்கமும் உள்ள விற்பனைப் பக்கத்தின் பிரின்ட். ஆதார் முகவரியும் டெலிவரி முகவரியும் வேறு என்றால் முகவரிக்குத் தனியாக ஒரு சான்றும் கேட்பார்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு சொந்த ஊர் ஆதார் வைத்திருப்பவர்கள் இதை முன்பே யோசியுங்கள். என் முதல் வாரம் இதில்தான் போனது.

வரி, பொருளின் விலைக்கு மட்டும் அல்ல; அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் போடுவார்கள். அதன்மேல் கூரியரின் கையாளும் கட்டணம். 'கிஃப்ட் என்று போட்டால் வரி இல்லை' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தச் சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள்.

சொந்தக்காரர் கையில் கொண்டுவருகிறார் என்றால் செக்-இன் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கைப்பையில் துப்பாக்கி வடிவத்தில் எதையும் விடமாட்டார்கள், பொம்மையானாலும். அதே காரணத்துக்காக, சின்டன் போன்ற கறுப்புத் துப்பாக்கியை நண்பன் வீட்டுக்கு எடுத்துப் போகும்போது பைக்கில் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள்.

9. வாத்து அலுத்துவிட்டால்

டியூப் டிவி வந்துவிட்டதால் அடுத்த கதவும் திறந்திருக்கிறது: பிளேஸ்டேஷன் 1 அல்லது 2, நாம்கோ கன்கான் துப்பாக்கி, 'டைம் கிரைசிஸ்'. இந்தத் துப்பாக்கிக்கு இரண்டு இணைப்பு. ஒன்று பட்டன் ஓட்டையில், இன்னொன்று மஞ்சள் ஏவி வயரின் நடுவில். அந்த மஞ்சளை மறந்துவிட்டுத்தான் பலர் துப்பாக்கி கெட்டுவிட்டது என்று விற்கிறார்கள்; நமக்கு லாபம். கேம் சென்டர் இயந்திரத்தில் மறைந்துகொள்ள காலால் அழுத்தும் மிதிக்குப் பதில் இங்கே துப்பாக்கியின் பக்கவாட்டுப் பொத்தான். கன்கான் 2 யூஎஸ்பி வகை, பிளேஸ்டேஷன் 2 கேம்களுக்கு மட்டும். கொனாமியின் ஜஸ்டிஃபையர் துப்பாக்கி வேறு இனம், கன்கான் கேம்களில் சுடாது. டிஸ்க் உறையின் பின்னால் எந்தத் துப்பாக்கி என்று போட்டிருக்கும்.

10. எனக்கு ஆனது

உருப்படியான செலவு: டிவி 700, வண்டி 500, துப்பாக்கியோடு வீடியோ கேம் 1,150, ஏவி வயர் 50, கான்டாக்ட் கிளீனர் 220. மொத்தம் 2,620 ரூபாய். வீண் செலவு: ரிச்சி தெருத் துப்பாக்கி 350, கன்வெர்ட்டர் 600, வரியோடு சேர்த்து அசல் துப்பாக்கி 5,200. மொத்தம் 6,150. முதல் நாள் டம்மி என்று பெயர் வாங்கிய அதே துப்பாக்கிதான் இன்றும் சுடுகிறது.

இந்த வரிசையில் செய்தால் இரண்டு சனி, ஞாயிறு போதும். ஒன்று டிவி தேட, ஒன்று மாட்ட. இடைப்பட்ட வாரத்தில் ஆன்லைன் செட் வந்துவிடும்.

டிவி என்றாவது செத்துப்போனால் காயலான் கடையில் போடாதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைத்துத்தான் செம்பை எடுப்பார்கள். மின்கழிவு எடுக்கும் அனுமதி பெற்ற இடத்துக்குக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று, பெட்டியோடு வரும் தாளில் இல்லாதது. கேம் ஏ ஓடும்போது முதல் ஓட்டையில் இருக்கும் பட்டனை அழுத்தினால் வாத்தை ஓட்டலாம். ஒருவர் சுட, இன்னொருவர் வாத்தைத் தப்பிக்க வைக்கலாம். தீபாவளிக்கு வந்தபோது அக்கா மகன் துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பட்டனை எடுத்துக்கொண்டான். அன்று நான் ஒரு வாத்துகூடச் சுடவில்லை.